கற்றதை மறைக்காதீர்கள்: மராகாவும் காயலும் தரும் படிப்பினை

ஜும்ஆ உரை, மாஞ்சோலை

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனான அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழும் நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

மலையைச் சொல்லி அறிவைச் சொன்ன வசனம்

திருக்குர்ஆனில் ஸூரா ஃபாத்திரின் 27, 28 ஆகிய வசனங்களை எடுத்துப் பாருங்கள். வானத்திலிருந்து மழை இறங்குவதை அல்லாஹ் முதலில் சொல்கிறான். அந்த மழையால் விளையும் பல நிறக் கனிகளைச் சொல்கிறான். பிறகு மலைகளைச் சொல்கிறான். அவற்றில் வெள்ளை, சிவப்பு, கன்னங்கறுப்பு என்று பாதைகள் ஓடுவதைச் சொல்கிறான். மனிதர்களிலும் ஊர்வனவற்றிலும் கால்நடைகளிலும் பல நிறங்கள் இருப்பதைச் சொல்கிறான். இவ்வளவையும் சொல்லி முடித்த இடத்தில்தான், அல்லாஹ்வை உண்மையாக அஞ்சுபவர்கள் அறிவுடையவர்களே என்ற கருத்தை வைக்கிறான்.

மழை, மலை, விலங்கு, மனிதன். இவற்றைக் கவனித்துப் பார்க்கிறவனுக்கு இறையச்சம் வருகிறது. இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உங்களுக்கு அந்த வசனத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மழை எப்போது இறங்கும், மேகம் எந்தப் பக்கம் ஏறும், எந்தக் கொழுந்து பறிக்கப் பக்குவம் என்பதெல்லாம் உங்கள் கைக்குத் தெரியும்.

அந்த அறிவை என்ன செய்யப் போகிறோம் என்பதே இன்றைய ஜும்ஆவின் செய்தி. ஸஃப்கள் குறைந்துவிட்டன. பலர் மலையை விட்டு இறங்கி மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் குடி போய்விட்டார்கள். ஓர் ஊர் கலையும்போது வீடும் தட்டுமுட்டுச் சாமானும் மட்டும் இடம் மாறுவதில்லை. அந்த ஊரார் கற்று வைத்திருந்ததும் கூடவே போகிறது, அல்லது அழிகிறது. ஆகவே, இதைவிடப் பெரிய அளவில் ஊர் கலைந்த ஒரு காலத்தைப் பார்ப்போம்.

பக்தாத் விழுந்த பிறகு

ஹிஜ்ரி 656, கி.பி. 1258. மங்கோலியப் படை ஹுலாகுவின் தலைமையில் பக்தாதுக்குள் நுழைந்தது. கலீஃபா கொல்லப்பட்டார். ஐந்நூறு ஆண்டுகளாக அறிவின் தலைநகராக இருந்த ஊர் சூறையாடப்பட்டது. முஸ்லிம் உம்மத்துக்கு ஏற்பட்ட மிகப் பெரிய சோதனைகளில் அதுவும் ஒன்று.

அந்த ஊரில் பதினான்கு வயதுச் சிறுவர் ஒருவர் இருந்தார். இப்னுல் ஃபுவத்தீ என்று வரலாறு அவரை அழைக்கிறது. மங்கோலியர் அவரைக் கைதியாகப் பிடித்துக் கொண்டு போனார்கள். வீடும் ஊரும் போன பிள்ளை, அத்தோடு முடிந்தது என்று யாரும் நினைத்திருப்பார்கள். அல்லாஹ்வின் நாட்டம் வேறாக இருந்தது. சில ஆண்டுகளில் அவர் இன்றைய ஈரானின் வடமேற்கிலுள்ள மராகா என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த பெரிய நூலகத்தின் பொறுப்பாளரானார். பிறகு பக்தாதுக்கே திரும்பி முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவின் நூலகத்திலும் பணி செய்தார். தன் காலத்து மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து எழுதிவிட்டு 1323இல் இறந்தார்.

மராகாவில் என்ன இருந்தது? பக்தாத் விழுந்த மறு ஆண்டே, 1259இல், அங்கே வானத்தை ஆராயும் கூடம் ஒன்று கட்டத் தொடங்கினார்கள். அதன் தலைமை நஸீருத்தீன் தூஸீயிடம் இருந்தது. அங்கே வந்து சேர்ந்தவர்களின் ஊர்களைக் கவனியுங்கள். கருவிகளை வடிவமைத்த முஅய்யிதுத்தீன் உர்ளீ டமாஸ்கஸ்காரர். ஃபக்ருத்தீன் கிலாத்தீ இன்றைய ஜார்ஜியாவிலுள்ள திஃப்லீஸிலிருந்து வந்தவர். குத்புத்தீன் ஷீராஸிலிருந்து வந்தவர். முஹ்யித்தீன் மக்ரிபீ மேற்கே அந்தலுஸ், மக்ரிப் பக்கத்தைச் சேர்ந்தவர். ஷாமில் மங்கோலியர் கையில் சிக்கி, கொல்லப்படும் வேளையில், தனக்கு வான சாஸ்திரம் தெரியும் என்று சொன்னதால் உயிர் தப்பி மராகாவுக்கு அனுப்பப்பட்டவர். இப்னுல் இப்ரீ என்ற ஸிரியானிக் கிறிஸ்தவத் தலைவர் 1268இல் அதே ஊரில் யூக்ளிடின் கணிதத்தையும், 1272இல் தாலமியின் வானியலையும் பாடம் நடத்தினார். சீனாவின் நாட்காட்டிக் கணக்கை அறிந்த சீன அறிஞரும் அந்த வட்டத்தில் இருந்தார். அதனால்தான் 1272 அளவில் அங்கே முடிந்த ‘ஸீஜே ஈல்கானீ’ என்ற வானியல் அட்டவணை நூலில் சீன நாட்காட்டியும் இடம் பெற்றிருக்கிறது.

இவர்களில் பலர் விரும்பிக் கூடியவர்கள் இல்லை. போரால் துரத்தப்பட்டவர்கள், கைதிகள், ஆட்சியாளனின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள். இருந்தும் ஒருவரிடம் இருந்ததை மற்றவர் கற்றார். அவர்களிடம் உருவான சில கணித அமைப்புகள் 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கஸின் நூலில் காணப்படுகின்றன. எந்த வழியாக ஐரோப்பாவுக்குப் போயின என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

கைதியிடமும் கற்கலாம்

இதைக் கேட்டு, காஃபிரிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று யாராவது தயங்கினால், பத்ருப் போருக்குப் பிறகு மதீனாவில் நடந்ததைப் பாருங்கள். பத்ரில் பிடிபட்ட மக்கா கைதிகளில் பிணைத்தொகை கொடுக்க வசதியில்லாதவர்களும் இருந்தார்கள். அவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுக்க வேண்டும். அதுவே பிணைத்தொகை என்று நபி (ஸல்) அவர்கள் தீர்மானித்தார்கள். முஸ்னத் அஹ்மதில் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வழியாக இச்செய்தி பதிவாகியிருக்கிறது. வாளேந்தி வந்தவனிடமே எழுத்தைக் கற்க வைத்தார்கள்.

ஜைத் பின் ஸாபித் (ரழி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். பதினைந்து நாட்களில் அவர் அதில் தேர்ச்சி பெற்றார் என்று திர்மிதியில் வருகிறது. அந்த ஜைத் அவர்கள்தான் பின்னாளில் குர்ஆனை ஒன்று திரட்டும் மகத்தான பொறுப்பை ஏற்றார்கள்.

சீனாவுக்குப் போயாவது கல்வியைத் தேடுங்கள் என்று நபியவர்கள் சொன்னதாக மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. ஹதீஸ் கலை அறிஞர்கள் அதை ஆதாரமற்றது என்று ஒதுக்கியிருக்கிறார்கள். நபியவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் சொல்வது பெரும் பாவம். நமக்கு அந்தச் செய்தி தேவையும் இல்லை. கல்வி தேடிப் புறப்படுபவருக்கு அல்லாஹ் சொர்க்கத்தின் பாதையை எளிதாக்குகிறான் என்று ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸே போதுமானது.

சல்லடை கையில் இருக்கட்டும்

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஹுலாகு அந்தக் கூடத்துக்குப் பணம் கொடுத்தது நட்சத்திரம் பார்த்துக் குறி கேட்கத்தான். நட்சத்திரத்தை வைத்து நல்ல நேரம், கெட்ட நேரம், வருங்காலம் சொல்வதை சூனியத்தின் ஒரு கிளையாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது அபூதாவூதில் வருகிறது. அதே சமயம், ஆண்டுகளையும் கணக்கையும் அறிந்துகொள்ளச் சந்திரனுக்குப் படித்தரங்களை ஏற்படுத்தியதாக ஸூரா யூனுஸில் அல்லாஹ் சொல்கிறான். தொழுகை நேரம், கிப்லா, மாதக் கணக்கு எல்லாம் இந்த அறிவைக் கொண்டே நடக்கின்றன. கணக்கு வேறு, குறி வேறு.

தூஸீயைப் பற்றியும் நம் இமாம்களிடம் கடுமையான விமர்சனம் உண்டு. இப்னு தைமிய்யா (ரஹ்), இப்னுல் கய்யிம் (ரஹ்) ஆகியோர் அவருடைய கொள்கையையும், ஹுலாகுவோடு அவர் கொண்ட தொடர்பையும் வன்மையாகக் கண்டித்திருக்கிறார்கள். ஒருவரின் கணக்கை எடுத்துக் கொள்வதால் அவருடைய அகீதாவை எடுத்துக் கொண்டதாக ஆகாது. சல்லடை நம் கையில் இருக்கும்வரை எந்தக் கடையிலும் மாவு வாங்கலாம்.

கிழக்கே சீனா, மேற்கே ரோம்

கற்றுக் கொண்டதோடு அவர்கள் நிற்கவில்லை, கொடுக்கவும் செய்தார்கள். 1267இல் ஜமாலுத்தீன் என்ற முஸ்லிம் வானியல் அறிஞர், சீனாவை ஆண்ட குப்லாய் கானுக்கு ஏழு கருவிகளைச் செய்து கொடுத்தார். அவற்றில் ஒன்று மரத்தால் செய்த பூமி உருண்டை. ஏழு பங்கு தண்ணீரைப் பச்சையாகவும் மூன்று பங்கு நிலத்தை வெள்ளையாகவும் அதில் தீட்டியிருந்தார்கள். 1271இல் சீனத்தில் முஸ்லிம் வானியலுக்கென்றே அரசுத் துறை ஏற்பட்டது. அதன் தலைமையும் அவருக்கே கிடைத்தது.

மேற்கிலிருந்தும் ஒருவர் வந்தார். கான்ஸ்டான்டிநோபிளைச் சேர்ந்த கியோனியாதிஸ் என்ற கிறிஸ்தவர், 1290களில் வானியல் கற்க தப்ரேஸ் நகருக்கு வந்தார். அவருடைய காலத்துக்குப் பின் வந்த கிரேக்க எழுத்தாளர் ஒருவர் ஒரு செய்தி சொல்கிறார். ரோமர்கள் இந்தக் கல்வியைக் கற்றால் அதைக் கொண்டே நம் ஆட்சியைக் கவிழ்த்து விடுவார்கள் என்ற பயம் அங்கே இருந்ததாம். அதனால் வேற்றுநாட்டவருக்குக் கற்பிக்க மறுத்தார்களாம். கியோனியாதிஸ் பொறுமையோடு மன்னருக்குச் சேவை செய்து அனுமதி பெற்றார். ஷம்ஸுத்தீன் புகாரீ அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த நூல்கள் கிரேக்க மொழிக்குப் போயின. கற்பித்ததால் தப்ரேஸின் ஆட்சி கவிழவில்லை.

அதே தப்ரேஸில் ரஷீதுத்தீன் என்ற அமைச்சர் இருந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தை ஏற்ற மருத்துவர். உலக வரலாறு எழுதியபோது சீனாவைப் பற்றி மங்கோலிய அறிஞர் போலாதிடமும், இந்தியாவைப் பற்றி காஷ்மீரத்துப் பௌத்தத் துறவி கமலஸ்ரீயிடமும் கேட்டு எழுதினார். தம் நூல்களை ஆண்டுதோறும் அரபியிலும் பாரசீகத்திலும் படியெடுத்துப் பல ஊர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று வக்ஃபு பத்திரத்திலேயே எழுதி வைத்தார். 1318இல் அவர் கொல்லப்பட்டார். அவருடைய நிலையம் சூறையாடப்பட்டது. ஊர் ஊராக அனுப்பி வைத்ததால் நூல்கள் தப்பின.

நம் ஆற்றின் முகத்துவாரத்தில்

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். இந்த மலையில் பெய்யும் மழை மணிமுத்தாறாக இறங்கி, தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயல் அருகே கடலைச் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தில்தான் அன்றைய காயல் துறைமுகம் இருந்தது. ஆய்வாளர்கள் பழையகாயல் என்று அடையாளம் காட்டும் ஊர். அரபிகள் இந்தக் கரையை மஃபர் என்று அழைத்தார்கள்.

மங்கோலியர் ஆட்சிக்குட்பட்ட பாரசீகத்தில் வரலாறு எழுதிய வஸ்ஸாஃப், இந்தக் கரையைப் பற்றி எழுதியிருக்கிறார். கைஸ் தீவின் பெரு வணிகர் ஜமாலுத்தீன் இப்ராஹீம் தீபீ. இவர் சீனா போன ஜமாலுத்தீன் அல்ல, வேறொருவர். இவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டிய மன்னரிடம் அமைச்சராக இருந்தார். காயல் உட்பட மூன்று துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன், பாரசீகத்தின் மங்கோலிய மன்னர் ஃகாஸானின் தூதராகக் கடல் வழியாகச் சீனா போனார். திரும்பும் பயணத்தில் 1305 அளவில் இறந்து, இதே மஃபர் கரையில், தகிய்யுத்தீனின் கப்றுக்கு அருகே அடக்கமானார். மராகாவையும் சீனாவையும் இணைத்த அதே கடல்வழி நம் வாசலைத் தொட்டுத்தான் போயிருக்கிறது.

அந்த வழியில் இங்கே வந்த பெருஞ்சரக்கு குதிரை. ஜமாலுத்தீன் மட்டுமே ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். குதிரைவெட்டி என்று நம் மலையில் ஊருக்குப் பெயர் இருக்கிறதே தவிர, குதிரை நம் நாட்டுப் பிராணி அல்ல. அதை வளர்க்கும் முறை இங்கே பலருக்குத் தெரியாது. பச்சை பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லியும், நெய் பிசைந்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்கள் என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். பாசத்தோடு கொடுத்தார்கள், குதிரைகள் நலிந்தன.

1292 அளவில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் செத்துவிடுவதாகச் சொல்கிறார். பிறகு ஒரு விஷயம் சொல்கிறார். குதிரைக்கு வைத்தியம் பார்க்கவும் லாடம் அடிக்கவும் தெரிந்தவர்களை வணிகர்கள் அழைத்து வருவதில்லை. தாமாக வரப் பார்ப்பவர்களையும் விடுவதில்லை. குதிரை பிழைத்துக் கொண்டால் அடுத்த ஆண்டு விற்பனை குறைந்துவிடும் என்ற கணக்கு!

அவர் சொன்னதில் எவ்வளவு சரி என்பதை அல்லாஹ் அறிவான். தட்பவெப்பமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னபடி நடந்திருந்தால், அந்த வணிகர்களில் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க முடியாது. அதே காலம், அதே கடல். ஓரிடத்தில் கைதியாக வந்தவர்கூடத் தனக்குத் தெரிந்ததைப் பகிர்ந்து கொண்டார். இன்னோரிடத்தில் செல்வந்தர் தெரிந்ததைப் பூட்டி வைத்தார்.

நெருப்புக் கடிவாளம்

கண்ணியமானவர்களே! கல்வி ஒன்றைப் பற்றிக் கேட்கப்பட்டு, தெரிந்தும் அதை மறைத்தவருக்கு மறுமையில் நெருப்பாலான கடிவாளம் பூட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூஹுரைரா (ரழி) அறிவிக்கிறார்கள். அபூதாவூத், திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. கடிவாளம் என்றால் என்ன என்று குதிரை வியாபாரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஹதீஸ் முதலில் மார்க்கக் கல்வியைப் பற்றியது என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். அப்படியானால் குதிரை வளர்ப்பை மறைக்கலாமா? அதற்கு வேறு ஹதீஸ்கள் இருக்கின்றன. மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. ஈரத்தை மேலே தெரியும்படி வைக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவனல்ல என்று கண்டித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இன்னொரு முறை, பட்டினியாலும் ஓயாத வேலையாலும் கண்ணீர் விட்ட ஒட்டகத்தின் தலையைத் தடவிக் கொடுத்து, அதன் உரிமையாளரை அழைத்து, இந்த வாயில்லாப் பிராணி விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்ச வேண்டாமா என்று கேட்டார்கள். இது அபூதாவூதில் உள்ளது. வாங்குபவனையும் பிராணியையும் சேர்த்து நட்டப்படுத்தும் மௌனம் எந்தக் கணக்கில் சேரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கற்பித்ததற்குக் கூலி வாங்குவது வேறு. உழைப்புக்குக் கூலி ஹலால். அடுத்தவன் தெரிந்து கொள்ளாமல் இருப்பதிலேயே லாபம் பார்ப்பதுதான் தவறு.

இன்று நம் நிலை

இதை எழுநூறு வருடத்துக் கதையாகக் கேட்டுவிட்டு எழுந்து போக வேண்டாம். மலையை விட்டு இறங்கிய குடும்பங்களுக்கு இன்று எத்தனை தேவைகள்! முகவரி மாற்ற வேண்டும், ரேஷன் கார்டு மாற்ற வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வருமானச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், கடைசித் தேதி. எங்கே வேலை காலி இருக்கிறது, எந்த வீட்டுக்கு வாடகை குறைவு. இவையெல்லாம் நம்மில் சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்தது போதும் என்று தெரிந்தவர் வாய் மூடி இருந்தால் அவர் எந்தக் கரையில் நிற்கிறார்? எழுதப் படிக்கத் தெரியாத விதவையிடம் ஒரு படிவம் நிரப்ப ஐந்நூறு ரூபாய் பிடுங்குபவர், லாடம் அடிப்பவனை வரவிடாத வணிகரிடமிருந்து எவ்வளவு தூரம்?

மூன்று காரியங்களைக் கேட்டுக் கொள்கிறேன்.

முதலாவது, தெரிந்ததைச் சொல்லுங்கள். வேலை, விண்ணப்பம், சேர்க்கை, மருத்துவ முகாம், எதுவானாலும் வக்துக்கு வக்து பள்ளியில் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். தகவலும் ஓர் அமானிதம்.

இரண்டாவது, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் பிள்ளைகளுக்காக ஓர் இடம் ஒதுக்குவோம். கணக்குத் தெரிந்தவர் கணக்கு, ஆங்கிலம் தெரிந்தவர் ஆங்கிலம், தொழிற்சாலையில் மோட்டாரும் பாய்லரும் பார்த்தவர் அதைச் சொல்லிக் கொடுக்கட்டும். லயன் வீட்டில் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த மாரியம்மன் கோயில்காரர் பிள்ளையும் சர்ச்சுக்குப் போகிறவர் பிள்ளையும் வந்து உட்காரட்டும். மக்களைப் பல கூட்டங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்காகவே என்று ஸூரா ஹுஜுராத்தின் 13ஆம் வசனத்தில் அல்லாஹ் சொல்கிறான். அவர்களில் படித்த பிள்ளைகள் இருந்தால் நம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அழைப்போம். பத்ரு கைதியிடம் கற்ற உம்மத்துக்கு அண்டை வீட்டாரிடம் கற்பதில் வெட்கம் எதற்கு?

மூன்றாவது, முதியவர்களுக்கு. கவாத்து வெட்டியவர்கள், கொழுந்து வாட்டும் பதம் அறிந்தவர்கள், எந்தப் பூச்சி எந்த மழைக்கு வரும் என்று அறிந்த உம்மாமார்கள் இங்கே இருக்கிறீர்கள். வேலை போய்விட்டது, இனி இது எதற்கு என்று நினைக்காதீர்கள். பேரப்பிள்ளையை அருகில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அவன் நோட்டில் எழுதிக் கொள்ளட்டும். மனிதன் இறந்ததும் அமல்கள் நின்றுவிடுகின்றன. மூன்று மட்டும் தொடர்கின்றன. அவற்றில் ஒன்று பயன் தரும் கல்வி என்று ஸஹீஹ் முஸ்லிமின் ஹதீஸ் சொல்கிறது. சொல்லாமல் கப்றுக்குக் கொண்டு போன கல்வியால் யாருக்குப் பயன்?

வாலிபர்களே, உங்களுக்கு ஒரு சொல். குடும்பக் கஷ்டம் என்று படிப்பை விட்டுவிட்டுக் கடை வேலைக்குப் போக நினைப்பவர்கள், பக்தாதில் கைதியான அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவரிடமிருந்து ஊரைப் பறித்தார்கள், சுதந்திரத்தைப் பறித்தார்கள். படிப்பை அவர் விடவில்லை. பிள்ளை படிப்பை நிறுத்தப் போகிறான் என்று தெரிந்தால் ஜமாஅத்தாருக்குச் சொல்லுங்கள். அதைத் தடுப்பது நம் எல்லோர் மீதும் கடமை.

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! கற்றதை மறைக்காமல் கொடுக்கும் மனதைத் தருவாயாக! மலையிலிருந்து இறங்கிய குடும்பங்களுக்கு நிம்மதியான இருப்பிடத்தையும் ஹலாலான ரிஸ்கையும் தருவாயாக! மலையில் இருப்பவர்களுக்கு உன் பாதுகாப்பைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளின் படிப்பில் பரகத் செய்வாயாக! நெருப்புக் கடிவாளத்திலிருந்து எங்கள் நாவுகளைக் காப்பாயாக!

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.